கம்பி மாறினால் எஜமானர் மாறுவாரா?

கேபிள் இணைப்பை நிறுத்திவிட்டு, படமும் செய்தியும் கிரிக்கெட்டும் இன்டர்நெட் வழியாகவே வந்தால் போதும் என்று தீர்மானிக்கும் குடும்பங்கள் நாளுக்கு நாள் பெருகி வருகின்றன. இதை வெறும் நாகரிக மோகமென்று சிலர் பரிகசிக்கிறார்கள். விடுதலை பிறந்துவிட்டதென்று வேறு சிலர் ஆனந்தப்படுகிறார்கள். இரு சாராரும் அவசரப்படுகிறார்கள் என்பது நமது அபிப்பிராயம். மாதக் கட்டணம் செலுத்தி டிஷ் வைத்திருந்த வீடுகள் இந்தியாவில் 2021 மார்ச்சில் ஏறக்குறைய 7 கோடி. 2024 மார்ச்சில் சுமார் 6.2 கோடி. இது டிராய் வெளியிட்ட கணக்கு. மூன்று வருஷங்களில் முக்கால் கோடி வீடுகள் விலகிவிட்டன. அத்தனையும் இன்டர்நெட்டுக்கே போயின என்று சொல்வதற்கில்லை. தூர்தர்ஷனின் இலவச டிஷ்ஷுக்குப் போனவர்களும் உண்டு. ஆயினும் காற்று எந்தத் திசையில் அடிக்கிறது என்பதில் சந்தேகமில்லை.

கேபிள் நம்மிடையே எப்படி வந்தது என்பதைச் சற்று நினைவூட்டிக்கொள்வது நல்லது. 1991-ம் வருஷத்து வளைகுடா யுத்தத்தின்போது அந்நியச் செய்தி நிறுவனத்தின் காட்சிகளைப் பிடித்துக்காட்ட நகரங்களில் டிஷ்கள் முளைத்தன. 1993 ஏப்ரல் 14-ல் சன் டிவி தோன்றியபின் தமிழ்நாட்டில் கேபிள் இல்லாத தெருவைத் தேடவேண்டியதாயிற்று. மொட்டைமாடியில் ஒரு பெரிய டிஷ். மரக்கிளையிலும் மின்கம்பத்திலும் தாவிச் சென்ற கறுப்புக் கம்பி. மாதம் பிறந்ததும் வாசலில் வந்து நிற்கும் வசூல்காரப் பையன்: இவ்வளவுதான் அந்தத் தொழிலின் மூலதனம். இதை ஒழுங்குசெய்யச் சட்டம் வந்ததே 1995-ல்தான். குறைகள் எத்தனையோ இருந்தன. ஆனால் மழையில் படம் நின்றுவிட்டால் யாரைப் போய்க் கேட்பதென்று ஜனங்களுக்குத் தெரிந்திருந்தது.

பின்னர் சிறிய ஆபரேட்டரின் தலைக்குமேல் பெரிய கம்பெனிகள் வந்து உட்கார்ந்தன. எந்தச் சானல் எந்த எண்ணில் வரவேண்டும், எது வரவே கூடாது என்பது அங்கே தீர்மானமாயிற்று. சர்க்காரே 2007-ல் ஒரு கேபிள் கார்ப்பொரேஷனை ஏற்படுத்தி, 2011-ல் அதற்குப் புத்துயிர் கொடுத்து, மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புத் தந்தது ஏழைகளுக்கு உபகாரமே. ஆனால் கம்பி யார் கையில் இருக்கிறதோ அவர் கையில் செய்தியின் கடிவாளமும் இருக்கும் என்ற சங்கடம், கம்பி சர்க்கார் கைக்குப் போனதனால் தீர்ந்துவிடவில்லை.

ஜனங்களுக்கு மெய்யான கசப்பு ஏற்பட்டது 2019 பிப்ரவரியில். பார்க்கும் சானலுக்கு மட்டும் பணம் கொடுத்தால் போதும் என்ற நல்லெண்ணத்துடன் டிராய் புதிய விதிகளை அமுலுக்குக் கொண்டுவந்தது. 100 சானல் கொண்ட பாதைக்கு மட்டும் 130 ரூபாய். அதன்மேல் 18 சதவிகித வரி. ஆக 153 ரூபாய் 40 காசு. கட்டணச் சானல்கள் ஒவ்வொன்றுக்கும் தனி விலை. சானல் முதலாளிகள் என்ன செய்தார்கள்? ஜனங்கள் விரும்பும் சானலைத் தனியாக வாங்கினால் 19 ரூபாய் என்று உயர்த்தினார்கள். விரும்பாத பத்தோடு சேர்த்துக் கட்டாக வாங்கினால் மலிவு என்றார்கள். கத்திரிக்காய் கேட்டவன் கூடையில் சொத்தைப் பூசணியையும் போட்டு அனுப்பும் கடைக்காரனின் யுக்தி இது. பல வீடுகளில் பில் இறங்குவதற்குப் பதில் ஏறிற்று. அதற்குச் சற்று முன்பே, 2016 செப்டம்பர் 5-ல் வந்த ஜியோ, 2017 மார்ச் முடிய டேட்டாவை இலவசமாக அள்ளி விட்டிருந்தது. யூடியூப் பழகிவிட்டது, நெட்பிளிக்ஸும் அமேசானும் வாசலில் காத்திருந்தன. கேபிளை விட்டு ஜனங்கள் விலகியதற்கு அவர்களைக் குறைசொல்வது எப்படி நியாயமாகும்?

நிற்க. விலகுகிறவர்கள் போட்டுப் பார்க்கவேண்டிய கணக்கு ஒன்று உண்டு. கேபிளில் தெரு முழுவதற்கும் ஒரே அலை ஓடுகிறது. பத்துப் பேர் பார்த்தாலும் பதினாயிரம் பேர் பார்த்தாலும் அதே சுமைதான். இன்டர்நெட்டில் அப்படியன்று, ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனிப் பிரதி புறப்பட்டு வருகிறது. தெளிவான காட்சிக்கு மணிக்குச் சுமார் 3 ஜிபி செலவாகும். நாளொன்றுக்கு 2 ஜிபி தரும் செல்போன் பாக்கை நம்பிக் கேபிளை அறுத்தவர் நாற்பது நிமிஷத்தில் இருட்டில் உட்கார நேரிடும். ஆகவே வீட்டுக்குள் பைபர் கம்பி வந்தாக வேண்டும். கம்பி ஒழிந்தது என்கிறார்களே, கம்பி எங்கே ஒழிந்தது? கறுப்புக் கம்பி போய் மெல்லிய கம்பி வந்திருக்கிறது. 2020 மார்ச்சில் ஊரடங்கின்போது தேசம் முழுவதும் வீட்டில் உட்கார்ந்து படம் பார்க்கவே, பாதை நெரிசலைத் தவிர்க்கச் செல்போன்களில் காட்சியின் தரத்தைக் குறைத்துக்கொள்ள இந்தக் கம்பெனிகள் உடன்பட்டதும் நேயர்களுக்கு நினைவிருக்கலாம். கிரிக்கெட்டில் வேறொரு வேடிக்கை: கேபிள் வைத்திருக்கும் பக்கத்து வீட்டார் ஆரவாரித்துச் சில வினாடிகள் சென்ற பிறகே நமது திரையில் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டுகிறது. வீட்டிலுள்ள கிழவிகளுக்கோ சானல் எண் மனப்பாடம். பெட்டியைத் திறந்தவுடன் ‘என்ன பார்க்கிறீர்கள்?’ என்று அது அவர்களைக் கேட்பது பிடிபடவில்லை.

இவையெல்லாம் சில்லறைச் சங்கடங்கள், காலப்போக்கில் தீர்ந்துவிடும். தீராதது வேறொன்று. 2023 முதல் 2027 வரையிலான ஐ.பி.எல். பந்தயங்களின் உரிமை 2022 ஜூனில் ஏலம் போயிற்று. இந்தியாவுக்கான டெலிவிஷன் உரிமைக்கு ஸ்டார் 23,575 கோடி ரூபாய் கொடுத்தது. இன்டர்நெட் உரிமைக்கு ரிலையன்ஸைச் சேர்ந்த வயாகாம்18 கொடுத்ததோ அதனிலும் சற்று அதிகம். எதற்காக? 2023-ல் ஜியோசினிமாவில் பந்தயங்களை இலவசமாகவே காட்டினார்கள். இரண்டு முதலாளிகள் போட்டியிட்டதனால் ஜனங்களுக்கு லாபம் என்று அப்போது பலர் மகிழ்ந்தார்கள். 2024 நவம்பரில் இரு கூட்டமும் ஒன்றாயின. 2025 பிப்ரவரி 14-ல் ஜியோஹாட்ஸ்டார் என்று ஒரே கடை திறந்தது. இலவசப் பந்தலில் கட்டண வாயிலும் வைக்கப்பட்டது. பாதையும் அவர்களுடையது, பந்தயமும் அவர்களுடையது என்றாகிவிட்டது. இதற்கு ஏகபோகம் என்பதைவிட மிருதுவான பெயர் நமக்குத் தோன்றவில்லை. மற்ற பெரிய கடைகளான யூடியூபும் நெட்பிளிக்ஸும் அமேசானும் அமெரிக்க முதலாளிகளுடையவை. பழைய கறுப்புக் கம்பிக்கு நாம் எந்தப் படத்தைப் பார்த்தோம், எங்கே நிறுத்தினோம் என்பது தெரியாது. இவர்களுக்கு அது நிமிஷக் கணக்கில் தெரியும்.

1995 பிப்ரவரி 9-ல் சுப்ரீம் கோர்ட்டார் ஒரு சிறந்த தீர்ப்பளித்தார்கள். வான அலைகள் பொதுச்சொத்து. அவை சர்க்காருக்கோ தனி முதலாளிகளுக்கோ ஏகபோகமாகா. அவற்றை ஜன நன்மைக்காகப் பொது அமைப்பு ஒன்று நிர்வகிக்க வேண்டும் என்பது அதன் சாரம். பார்க்கும் காட்சி வான அலையை விட்டுத் தனியார் கம்பிக்குள் புகுந்துவிட்டால் அந்தத் தத்துவம் என்னாவது? சாதாரண ஆன்டெனாவில் பிடிக்கக்கூடிய தூர்தர்ஷன் ஒளிபரப்பு நிலையங்களில், சில எல்லைப்புற ஸ்தலங்கள் தவிர மற்றவை 2022 மார்ச்சுக்குள் மூடப்பட்டுவிட்டன. செலவு அதிகம், பார்ப்பவர் குறைவு என்று காரணம் சொன்னார்கள், அது பொய்யுமன்று. ஆனால் எவரிடமும் சந்தா கட்டாமல், எவருடைய கணக்கிலும் பெயர் எழுதாமல் பார்க்கக்கூடிய ஒரு வழி அடைபட்டது.

அரசியல் ஊழியர்கள் முக்கியமாகக் கவனிக்கவேண்டியது ஒன்றிருக்கிறது. 2018 மே 22-ல் தூத்துக்குடியில் துப்பாக்கிச் சூடு நடந்ததன்பின், அந்த ஜில்லாவுடன் திருநெல்வேலி, கன்னியாகுமரி ஜில்லாக்களிலும் இன்டர்நெட் நிறுத்தப்பட்டது. ஜனங்கள் செய்திக்குத் தவிக்கும் நாள் எதுவோ அந்த நாளில்தான் இந்தக் குழாய் மூடப்படுகிறது. காலவரையின்றி நிறுத்துவது செல்லாது, உத்தரவுகளைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும் என்று காச்மீர் வழக்கில் 2020 ஜனவரி 10-ல் சுப்ரீம் கோர்ட்டார் கூறினார்கள். தீர்ப்பு வந்தது, வழக்கம் நிற்கவில்லை. செய்தியும் பாடமும் பொழுதுபோக்கும் ஒரே குழாயில் வருமானால், ஓர் அதிகாரியின் கையெழுத்தில் வீடு முழுவதும் ஊமையாகிவிடும்.

ஆகையால் கேபிளைக் கட்டிக்கொண்டு அழுங்கள் என்று நாம் உபதேசிக்கவில்லை. பைபர் வரட்டும். ஆனால் அதை இழுப்பது யார்? ஊர்தோறும் கம்பமேறிப் பழகிய சிறு ஆபரேட்டர்களில் பலர் இன்டர்நெட் விநியோகத்தையும் மேற்கொண்டிருக்கிறார்கள். இவர்களுக்குக் கடனுதவியும், நியாயமான மொத்த விலையில் டேட்டாவும் கிடைக்குமானால் தெருவுக்குத் தெரு போட்டி உயிரோடிருக்கும். பி.எஸ்.என்.எல். பொதுச்சொத்து, அதை நலியவிட்டுவிட்டு ஏகபோகத்தைக் கண்டித்துத் தீர்மானம் போடுவது பரிகாசத்துக்கிடம். எல்லா டேட்டாவுக்கும் ஒரே கட்டணம் என்று 2016 பிப்ரவரி 8-ல் டிராய் விதித்ததும், பாதைக்காரர் எந்தக் கடைக்கும் சலுகையோ தடையோ செய்யலாகாதென்று 2018-ல் சர்க்கார் ஒப்புக்கொண்டதும், லட்சக்கணக்கான சாதாரண ஜனங்கள் கடிதம் எழுதிக் கிளர்ச்சி செய்ததன் பயன். வீடியோக் கம்பெனிகள் பாதைக்குப் பங்கு கொடுக்க வேண்டும் என்று டெலிபோன் முதலாளிகள் இப்போது சில வருஷங்களாகக் கேட்டு வருகிறார்கள். கொடுக்க வசதியுள்ள பெரிய கடை கொடுத்துவிடும். தமிழில் நாலு பேர் சேர்ந்து நடத்தும் சிறிய செய்திச் சானல் எங்கிருந்து கொடுக்கும்? இக்கோரிக்கைக்கு நமது பிரதிநிதிகள் பார்லிமெண்டில் இடங்கொடுக்கலாகாது.

வீட்டுக்காரருக்கு நாம் சொல்வது சொற்பம். வருஷச் சந்தாவை முன்கூட்டிக் கட்டாதேயுங்கள். பந்தய மாதத்துக்குச் சேர்ந்து, முடிந்ததும் விலகிவிடுங்கள். 2004-ல் தொடங்கிய தூர்தர்ஷனின் இலவச டிஷ்ஷுக்கு மாதக் கட்டணம் கிடையாது. ஒருமுறை வாங்கிக் கூரையில் பொருத்தினால் போதும். பைபர் வந்த வீட்டிலும் அது ஒரு மூலையில் இருக்கட்டும்.