பல் கட்ட ஊருக்குப் போகலாமா?

"ஊருக்குப் போறப்ப அப்படியே பல்லையும் கட்டிக்கிட்டு வந்துடலாமா, ஐயா?" என்று தோட்டத்தில் பலர் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் செலவு குறைச்சலாம். இதே கணக்கில்தான் சிங்கப்பூர்க்காரர்கள் பாலம் தாண்டி நம் ஜோகூர் பாருவுக்குப் பல் பார்க்க வருகிறார்கள். ஆனால் அவர்கள் அன்றைக்கே வீடு திரும்பலாம். பல் ஆடினால் மறுநாளும் வரலாம். உங்களால் முடியுமா?

தாடை எலும்பில் டைட்டானியம் திருகைப் பதித்து அதன்மேல் பல் வைப்பதே இம்பிளான்ட். சுவீடன் நாட்டு பிரோனமார்க் 1965-இல் முதல் நோயாளிக்கு இதைச் செய்தார். எலும்பு திருகைப் பிடித்துக்கொள்ளப் பொதுவாக 3 முதல் 6 மாதம் ஆகும். ரப்பர் ஒட்டுக்கன்று மாதிரிதான், பிடிக்கும்வரை அசைக்கக் கூடாது. சிலருக்கு உடனே பல் வைப்பதுண்டு. எல்லா எலும்பும் அதற்குத் தாங்காது. ஆகவே இரண்டு தடவை விமான டிக்கெட், சம்பளமில்லா லீவு, இதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

இனிப்புநீர் கட்டுக்குள் இல்லையென்றால், சிகரெட்டை விடவில்லையென்றால், எந்த ஊரில் செய்தாலும் திருகு பிடிக்காமல் போகலாம். முதலில் இரத்தம் சோதியுங்கள். பிறகு அரசாங்கப் பல் கிளினிக்கில் காட்டுங்கள். கழற்றி மாட்டும் பல் செட்டை மட்டமாக நினைக்காதீர்கள். பலருக்கு அதுவே போதும்.

எங்கே செய்தாலும், திருகின் கம்பெனிப் பெயரையும் அளவையும் எழுதி வாங்குங்கள். அது தெரியாவிட்டால், இங்குள்ள டாக்டருக்கு அதற்கேற்ற சாமான் தேடுவதே பெரும்பாடு.