செவிக்கும் ஓர் ஒழுக்கம்

"இந்நாட்களில் எதைக் கேட்டு வருகிறீர்கள்?" என்னும் வினா, இளைஞர்களிடையே இன்று நலம் விசாரிப்பதைப் போல் வழங்குகிறது. கஸல், கருநாடக இசை, திரைப்பாடல், மேனாட்டு ராப் என்று வகை பாராது, தாம் கேட்பவற்றை அவர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பி மகிழ்கின்றனர். அதே வினா நம் இல்லத்துக் கூடத்தில் எழுமாயின் மௌனமே நிலவுகிறது. பெரியவர்கள் "ஆகுமா, ஆகாதா?" என்பதோடு பேச்சை முடித்துக்கொள்கின்றனர். பிள்ளைகள் காதில் மாட்டிய கருவியோடு அறைக்குள் ஒதுங்கிவிடுகின்றனர். கேட்பது நிற்பதில்லை. கேட்பதைப் பற்றிய உரையாடல்தான் நின்றுபோகிறது.

இசை குறித்து, சிறப்பாக இசைக்கருவிகள் குறித்து, மார்க்க அறிஞர்களிடையே நெடிய கருத்து வேறுபாடு உண்டு. இப்னு ஹஸ்ம் (மறைவு 1064) அதற்கு இடமளித்தார். இப்னுல் ஜவ்ஸி (மறைவு 1201) 'தல்பீஸு இப்லீஸ்' என்னும் நூலில் அதைக் கடுமையாகக் கண்டித்தார். அவ்வழக்கில் தீர்ப்புரைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. கேட்பதற்கும், கேட்டதைப் பிறரோடு பகிர்வதற்கும் நம் மரபு ஓர் ஒழுக்கத்தை வகுத்திருக்கிறதா என்பதையே இங்கு ஆராய முற்படுகிறோம்.

கேட்டதைப் பகிரும் வழக்கம் அரபு இலக்கியத்திற்குப் புதிதன்று. கலீஃபா ஹாரூன் ரஷீத் தம் அவைப் பாடகர்களிடம் நூறு பாடல்களைத் தேர்ந்து தருமாறு பணித்தார். இப்ராஹீமுல் மவ்ஸிலீ முதலியோர் தேர்ந்த அத்தொகுதியே அபுல் ஃபரஜுல் இஸ்ஃபஹானீ (மறைவு 967) இயற்றிய 'கிதாபுல் அஃகானீ' என்னும் பெருநூலுக்கு வித்தாயிற்று. அந்நூல் பாடலைக் குறிப்பிடுவதோடு அமைவதில்லை. கவிதை யாருடையது, பண்ணமைத்தவர் எவர், தாளம் எது, அவர்கள் வாழ்ந்த வாழ்வு எத்தகையது என்பனவற்றையெல்லாம் அறிவிப்பாளர் தொடருடன் உரைக்கிறது. ஒரு பாடலைப் பிறருக்குக் கொடுப்பவர், அதை உருவாக்கியோரின் பெயரையும் சேர்த்தே கொடுத்தல் வேண்டும் என்பது இதனால் பெறப்படும் முதற் பாடம்.

இரண்டாவது பாடத்திற்கு நாம் பாக்தாத் வரை செல்ல வேண்டியதில்லை. சென்னையிலிருந்து தெற்கே செல்லும் இருப்புப்பாதையில், செங்கற்பட்டுக்குச் சற்று முன்னதாக உள்ள சிங்கப்பெருமாள்கோயில் நிலையமே அதைக் கற்பிக்கும். இந்துஸ்தானி இசையின் கிரானா மரபை நிலைநாட்டிய உஸ்தாத் அப்துல் கரீம் கான் 1937 அக்டோபர் 27 அன்று உயிர்நீத்த இடம் அது. சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் பயணம் மேற்கொண்டிருந்த அவருக்கு வழியில் உடல்நலம் குன்றியது. அவர் அந்நிலையத்தில் இறங்கினார். நடைமேடையிலேயே தொழுது, தர்பாரி இராகத்தில் இறைவனை வேண்டிப் பாடிய நிலையில் அவரது மூச்சு அடங்கிற்று என்று அன்னாரின் வரலாற்றை எழுதியோர் கூறுவர். மகாராட்டிரத்து மீரஜ் நகரில், குவாஜா மீரா சாஹிப் தர்கா வளாகத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டுள்ளார்.

வடபுலத்துக் கைரானாவில் 1872இல் பிறந்த அவர், தமக்கு உரியதல்லாத ஓர் இசையை எவ்வாறு கேட்டார் என்பதே நம் கவனத்திற்குரியது. மைசூர் அரசவைத் தொடர்பால் கருநாடக இசை அவருக்கு அறிமுகமாயிற்று. அதை அவர் விருந்தினராகக் கேட்டுவிட்டு எழுந்து போய்விடவில்லை, மாணவராக அமர்ந்து கேட்டார். தென்னாட்டார் சுரங்களைக் கோத்துப் பாடும் முறையை உள்வாங்கி, தம் கியாலில் ஸர்கமாக விரித்தார். தியாகராஜரின் கரஹரப்பிரியா கிருதி ஒன்றை இசைத்தட்டில் பாடிப் பதிவு செய்தார். ஆயினும் அவர் கிரானாப் பாடகராகவே இறுதிவரை விளங்கினார். பிறர் இசையைக் கேட்டதால் அவர்தம் இசை கரைந்துவிடவில்லை, ஆழம் பெற்றது.

அவ்வாறு கேட்டவர் பாடிய இசையும் தொலைதூரம் சென்றது. அவரது ஜிஞ்ஜோட்டித் தும்ரி இசைத்தட்டைக் கடையொன்றில் கேட்ட கன்னட நாட்டுச் சிறுவன் ஒருவன் குருவைத் தேடி வீட்டை விட்டுப் புறப்பட்டான். பின்னாளில் கான் சாஹிபின் மாணவரான சவாய் கந்தர்வரிடமே அச்சிறுவன் பயின்றான். பாரத ரத்னா விருதுக்கு 2008இல் அறிவிக்கப்பட்ட பீம்சேன் ஜோஷியே அச்சிறுவன்.

இனி, இவ்வாறு கேட்பதற்குரிய நெறி யாது? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் ஸமாஉ எனப்படும் இசைகேட்டலுக்கெனத் தனி நூற்பகுதி ஒன்றை ஒதுக்கியுள்ளார்கள். ஜுனைதுல் பக்தாதி (ரஹ்) அவர்களின் கூற்றைத் தழுவி, காலம், இடம், தோழர் என்னும் மூன்றும் பொருந்தினாலன்றிக் கேட்பதில் பயனில்லை என்கிறார்கள். உணவு வந்திருக்கும் வேளையிலும், வழக்காடும் பொழுதிலும், தொழுகை நேரத்திலும், உள்ளம் அலைபாயும் நிலையிலும் கேட்பது வீண். தெருவோரமும் பொருந்தாது. உடனிருக்கத் தகாதவருள் ஒருவராக, எய்தாத பரவசத்தை எய்தியதாகப் பாவனை செய்வோரையும் இமாம் அவர்கள் சேர்க்கிறார்கள். முழுமையாகக் கேளாத பாடலைப் பிறர் மெச்சுவதற்காக அனுப்பிவைப்பவரை இங்கு நினையாதிருக்க இயலவில்லை.

கேட்டலைத் தகாததாக்கும் ஐந்து காரணங்களையும் இமாம் அவர்கள் எண்ணுகிறார்கள். பாடுபவரால், கருவியால், சொற்களால், கேட்பவரின் இச்சையால் நேர்வன நான்கு. ஐந்தாவது, எளிய மனிதர் ஒருவர் தம் பெரும்பொழுதையும் அதிலேயே கழிக்கும் வழக்கம். ஒரு பாடல் முடியுமுன் அடுத்ததைத் தானே தேர்ந்து ஒலிக்கும் கைப்பேசிச் செயலிகளின் காலத்தில், நம்மில் பெரும்பாலோரைப் பற்றுவது இவ்வைந்தாவதே. அங்கே தேர்ந்தவரும் இல்லை, தோழரும் இல்லை, நிறுத்துமிடமும் இல்லை.

இட வேறுபாட்டின் பொருளை நம் கடற்கரையே விளக்கும். கோவளத்தில் ஹஸ்ரத் தமீமுல் அன்சாரி அவர்களின் தர்கா உள்ளது. அதே ஊரில் அலைச்சறுக்கு வீரர்களும் இசைக்குழுவினரும் கூடும் விழா 2013இல் தொடங்கிற்று. சற்று வடக்கே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா, தென்னாட்டு நாட்டார் கலைகளுக்கு மேடையளிக்கிறது. தெற்கே மாமல்லபுரத்தில், மார்கழி, தை மாதங்களை ஒட்டிச் சுற்றுலாத் துறை நாட்டிய விழா நடத்துகிறது. காற்று ஒன்றே, அது சுமந்து வரும் ஒலிகள் பல. ஓரிடத்தில் தகுவது பிறிதோரிடத்தில் தகாது என்பதை அறிந்து கேட்பவர், எந்த ஒலியையும் வெறுக்க வேண்டியதில்லை, எதிலும் மூழ்கிப்போகவும் வேண்டியதில்லை.

நெறியை உரைத்தவர் தம் செவியையும் திறந்து காட்டல் முறையாதலின், நாம் இந்நாட்களில் கேட்டு வருபவற்றையும் கூறுவோம். வைகறையில், 1934இல் எகிப்திய வானொலியைத் தம் கிராஅத்தால் தொடங்கிவைத்த ஷைகு முஹம்மது ரிஃபஅத் அவர்களின் ஓதலைக் கேட்கிறோம். அது இசையன்று, இறைவசனம். அதனை ஏனையவற்றோடு வரிசைப்படுத்தாமல் தனியே வைக்கிறோம். அல்லாமா இக்பாலின் உருதுக் கவிதையினது அரபு ஆக்கத்தை 1967இல் உம்மு குல்ஸும் பாடியதை, அரபு மொழியின் ஒலியழகுக்காகக் கேட்கிறோம். ஆந்திரத்துக் கரவடியில் 1924இல் பிறந்து, தஞ்சைப் பாணியில் மனம் பறிகொடுத்து, நாச்சியார்கோயில் சகோதரர்களிடம் பயின்று, திருவரங்கத்தில் குடியேறி, 1998இல் சங்கீத கலாநிதி விருது பெற்ற ஷேக் சின்ன மௌலானாவின் நாகசுரத்தை மாலையில் கேட்கிறோம். கழக மேடையிலும் மீலாது மேடையிலும் ஒரே கம்பீரத்துடன் முழங்கிய நாகூர் ஈ. எம். ஹனீபாவின் (1925–2015) குரலை, அதில் தமிழ் உச்சரிக்கப்படும் தெளிவுக்காகக் கேட்கிறோம். வாசகருள் சிலர் இவற்றுள் ஒன்றிரண்டை ஏற்கமாட்டார்கள். அவர்களின் பேணுதலை நாம் மதிக்கிறோம்.

இல்லங்களில் இவ்வுரையாடல் மீண்டும் தொடங்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். மகன் கேட்பதைத் தந்தை ஒருமுறை உடனமர்ந்து கேட்கட்டும். பாடியவர் எவர், சொல்லின் பொருள் யாது, கேட்டு முடித்தபின் உள்ளம் எந்நிலையில் உள்ளது என வினவட்டும். அவ்வாறே தாம் இளமையில் கேட்டதையும் மகனுக்குக் கேட்பிக்கட்டும். செவியும் பார்வையும் உள்ளமும் ஆகிய ஒவ்வொன்றும் விசாரிக்கப்படும் என்பது திருமறையின் எச்சரிக்கை. அவ்விசாரணைக்கு முன்னதாக, அன்புடையோர் ஒருவரையொருவர் வினவிக்கொள்வது நன்று.