விலைக்கு வரும் தோழமை

ஜப்பானின் பூனை கஃபேக்களைப் பற்றிய செய்திகளை நாம் வேடிக்கையாகவே படித்துவிட்டுக் கடந்துவிடுகிறோம். பொருளியல் நோக்கில் அவை சிந்திக்கத்தக்கவை.

இத்தகைய முதல் கஃபே 1998-இல் தைவான் தலைநகர் தைபேயில் தோன்றியது. ஜப்பானுக்கு 2004-இல் ஒசாகா வழியாக வந்து, அங்கு வேரூன்றிப் பெருகியது. அந்நாட்டின் வாடகைக் குடியிருப்புகள் பலவற்றில் வளர்ப்புப் பிராணிகளுக்கு அனுமதியில்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அங்குள்ள குடும்பங்களில் சுமார் 38 சதவீதம் தனிநபர் குடும்பங்கள். எனவேதான் பூனைகளுடன் கழிக்கும் நேரத்துக்கே பெரும்பாலும் கட்டணம் வசூலிக்கப்படுகிறது. டோக்கியோவின் அகிஹபராவில் உள்ள 'மெய்டு கஃபே'க்களில், வாடிக்கையாளரை வீடு திரும்பிய எஜமானராகப் பாவித்துப் பணிப்பெண்கள் வரவேற்பதும் இத்தேவையின் மற்றொரு வடிவமே. காபி ஒரு சாக்கு, விற்பனையாவது தோழமை.

தோழமைக்கு விலை உண்டெனில், பணமில்லாதவரின் தனிமைக்குத் தீர்வு ஏது? இவ்வினாவுக்கு ஒரு பகுதி விடையும் ஜப்பானிலேயே கிடைக்கிறது. டோக்கியோவில் 2017-இல் சில நாள்கள் நடத்தப்பட்ட 'ஆர்டர் தவறும் உணவக'த்தில், மறதிநோய்க்கு ஆளானவர்கள் பரிமாறினர். கேட்டது ஒன்று, வந்தது வேறொன்று என்றாலும் வாடிக்கையாளர்கள் முகம் சுளிக்கவில்லை. நிஹோன்பாஷி பகுதியில் 2021-இல் நிலையாகத் திறக்கப்பட்ட 'டான்' கஃபேயின் ரோபோக்களை, வெளியே செல்ல இயலாத மாற்றுத்திறனாளிகள் வீட்டிலிருந்தே இயக்கி, வாடிக்கையாளர்களுடன் உரையாடி, ஊதியமும் பெறுகின்றனர்.

முன்னவை தனிமையை வருவாயாக்குகின்றன. பின்னவை ஒதுக்கப்பட்டோரை உழைப்பாளர்களாக மீண்டும் சமூகத்துக்குள் அழைத்து வருகின்றன. மூப்படைந்துவரும் எந்தச் சமூகமும் ஜப்பானிடம் கற்க வேண்டியது இந்த இரண்டாவது பாடத்தையே.