கைபேசி சொல்லும் தேதியை நம்பி வயல் வேலையைத் தொடங்கலாமா?

பார்சல் எங்கே இருக்கிறது என்று காட்டும் பதிவைப் படிக்கும் முறையும், விவசாயிகள் கவனிக்க வேண்டியவையும்

விதை, காளான் வித்து, உயிர் உரம், ஒட்டுண்ணி அட்டை, மோட்டார் உதிரி பாகம் எனப் பல பொருள்களை இப்போது விவசாயிகள் கைபேசி மூலமே வரவழைக்கிறார்கள். பணம் கட்டியதும் ஓர் எண் வருகிறது. அந்த எண்ணைத் தட்டினால் பார்சல் எந்த ஊரில் இருக்கிறது, என்றைக்கு வரும் என்ற விவரம் தெரிகிறது. வசதியான ஏற்பாடுதான். ஆனால் அந்த விவரத்தை அப்படியே நம்பி ஆள் சொல்வதும், தண்ணீர் கட்டுவதும், வைக்கோல் ஊற வைப்பதும் பல சமயம் நட்டத்தில் முடிகின்றன.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். இரண்டு ஏக்கரில் நான்கு மாதக் கரும்பு நிற்கிறது. இடைக்கணுப் புழுவைக் கட்டுப்படுத்த ட்ரைக்கோகிரம்மா முட்டை ஒட்டுண்ணி அட்டை வேண்டும். விவசாயி வெளி மாவட்டத்தில் உள்ள ஓர் உற்பத்தியாளரிடம் கேட்கிறார். திங்கட்கிழமை அட்டை கூரியரில் புறப்படுகிறது. புதன்கிழமை வந்துவிடும் என்று கைபேசி சொல்கிறது. புதன் காலை, டெலிவரிக்குப் புறப்பட்டுவிட்டது என்று காட்டுகிறது. அவர் வேறு வேலையை விட்டுவிட்டுத் திண்ணையில் காத்திருக்கிறார். மாலையில், வீடு பூட்டியிருந்ததால் திரும்பியது என்று பதிவாகிறது. வீட்டு வாசலுக்கு யாரும் வரவில்லை. வெள்ளிக்கிழமை உறை கைக்கு வருகிறது. பிரித்தால், குளவிகள் உறைக்குள்ளேயே வெளிவந்து செத்துக் கிடக்கின்றன.

அட்டையின் விலை பெரிதல்ல. தாய் அந்துப்பூச்சி முட்டையிடும் சமயத்தில் வயலில் ஒட்டுண்ணி இல்லாமல் போனதுதான் நட்டம். முட்டை பொரித்துப் புழு கரும்புக்குள் நுழைந்துவிட்டால் முட்டை ஒட்டுண்ணியால் பயன் இல்லை.

பதிவு எப்படி உண்டாகிறது?

பார்சலின் மேல் கோடு கோடாக ஒரு சீட்டு ஒட்டப்படுகிறது. ஒவ்வோர் இடத்திலும் ஓர் ஊழியர் கருவியைக் காட்டி அந்தச் சீட்டை ஸ்கேன் செய்கிறார். அப்போது எந்த அலுவலகம், என்ன நேரம், என்ன வேலை நடந்தது என்ற மூன்றும் கணினியில் ஏறுகின்றன. கைபேசியில் நாம் படிப்பது இந்தப் பதிவைத்தான். ஒரு ஸ்கேனுக்கும் அடுத்த ஸ்கேனுக்கும் இடையே பார்சல் எங்கே கிடக்கிறது என்பது கணினிக்கே தெரியாது. லாரியிலோ, பையிலோ, கிடங்கின் மூலையிலோ இருக்கலாம்.

மேலும், பார்சல்கள் தனித்தனியாகப் பயணம் செய்வதில்லை. பலவற்றை ஒரே பையில் கட்டி, பைக்கு ஓர் எண் கொடுத்து அனுப்புகிறார்கள். வழியில் பையைத்தான் பதிவு செய்கிறார்கள். உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பதில்லை. ஆகவே இரண்டு மூன்று நாள் ஒரே வரி மாறாமல் நின்றால் பார்சல் தொலைந்துவிட்டது என்று பொருள் அல்ல. அதேபோல் பதிவு வேகமாக மாறினால் பார்சல் நம் ஊரை நெருங்கிவிட்டது என்றும் பொருள் அல்ல.

வந்து சேரும் தேதி என்று காட்டப்படுவது கணக்குப் போட்டுச் சொல்வது. இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்கு வழக்கமாக இத்தனை நாள் ஆகும் என்பதை வைத்துக் கணினி ஒரு தேதியைப் போடுகிறது. மழை, பண்டிகைக் கூட்டம், லாரி பழுது, ஆள் வராமை ஆகியவை அந்தக் கணக்கில் முன்கூட்டி வருவதில்லை.

எந்த வரிக்கு என்ன பொருள்?

விவரம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகிறது. அடிக்கடி வரும் சில வரிகளை விவசாயிகள் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

"லேபிள் கிரியேட்டட்" என்றால் விற்பவர் சீட்டை மட்டும் அடித்திருக்கிறார். சரக்கு இன்னும் அவரிடமே இருக்கலாம். இதைப் பார்த்துவிட்டுப் பார்சல் புறப்பட்டதாக எண்ணக் கூடாது. கூரியர் அலுவலகம் பெற்றுக் கொண்டதாக முதல் ஸ்கேன் விழுந்த நாள்தான் புறப்பட்ட நாள்.

"இன் டிரான்சிட்" என்றால் வழியில் இருக்கிறது. இதற்கு மேல் இந்த வரியிலிருந்து எதையும் அறிய முடியாது. எப்போது, எந்த ஊரில் கடைசி ஸ்கேன் ஆனது என்பதையே பார்க்க வேண்டும்.

"அவுட் ஃபார் டெலிவரி" என்றால் அன்றைய சுற்றுக்கான பட்டியலில் சேர்க்கப்பட்டது. காலையில் மொத்தப் பட்டியலுக்கும் ஒரே சமயத்தில் இப்படிப் பதிவாகிவிடும். சுற்றின் கடைசியில் உள்ள கிராமத்துக்கு வண்டி வராமலே திரும்புவதும் உண்டு.

"டெலிவரி அட்டெம்ப்டட்" என்றால் கொடுக்க முயன்றதாகப் பொருள். உண்மையில் வந்து திரும்பியிருக்கலாம். நேரம் போதாமல் வராமலே இப்படிப் பதிவு செய்வதாகவும் புகார்கள் உண்டு. போன் அழைப்பு வந்ததா என்று கைபேசியில் பார்த்துக் கொள்ள வேண்டும்.

"டெலிவர்டு" என்றால் கொடுத்தாகிவிட்டது. நம் கைக்கு வரவில்லை என்றால், கடையிலோ பக்கத்து வீட்டிலோ விட்டுச் சென்றார்களா என்று அன்றே விசாரிக்க வேண்டும். இல்லையென்றால் அன்றே புகார் செய்ய வேண்டும்.

கிராமங்களில் ஏன் கூடுதல் தாமதம்?

நகரத்தில் கூரியர் கிளை தெருக்கோடியில் இருக்கும். கிராமத்துக்கோ தாலுகா தலைநகரிலிருந்து ஆள் வர வேண்டும். ஒரு கிராமத்துக்கு ஒரே பார்சல் இருந்தால், இன்னும் இரண்டு சேரட்டும் என்று நிறுத்தி வைப்பதும் நடக்கிறது. பார்சல் தாலுகா ஊரில் இருப்பதாகக் கைபேசி சொல்வது உண்மையாகவே இருக்கும். அங்கிருந்து வரும் கடைசிப் பத்து கிலோமீட்டர்தான் தாமதம்.

அஞ்சலில் அனுப்பினால் கிளை அஞ்சலகம் வரை வந்துவிடும் என்பது ஒரு வசதி. ஆனால் அங்கும் சிக்னல் இல்லாத சமயத்தில் பதிவு உடனே ஏறாது. பொருள் அஞ்சலகத்தில் இருக்க, கைபேசி பழைய ஊரையே காட்டிக் கொண்டிருக்கலாம். ஆகவே அவசரமான பொருள் என்றால் நேரில் போய்க் கேட்பதே மேல்.

முகவரிக் குழப்பம் மற்றொரு காரணம். 1972-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று பின்கோடு முறை நடைமுறைக்கு வந்தது. அதன் ஆறு எண்களில் முதல் மூன்று பிரித்தெடுக்கும் மாவட்டத்தையும், கடைசி மூன்று பட்டுவாடா அஞ்சலகத்தையும் குறிக்கும். ஓர் எண் மாறினாலும் பார்சல் வேறு பக்கம் போய்விடும். ஒரே பின்கோட்டில் பல கிராமங்கள் இருப்பதால், பின்கோடு மட்டும் போதாது.

விரைவு அஞ்சல் எண்ணில் முன்னால் இரண்டு எழுத்து, நடுவில் 9 எண்கள், கடைசியில் இரண்டு எழுத்து ஆக 13 இருக்கும். ஒன்பதாவது எண் சரிபார்க்கும் எண். எண்ணை எழுதுவதில் பிழை இருந்தால் அது காட்டிக் கொடுத்துவிடும். எனவே விவரம் வரவில்லை என்றால் முதலில் எண்ணைச் சரியாகத் தட்டினோமா என்று பார்ப்பது நலம்.

உயிருள்ள சரக்கில் தனிக் கவனம்

எல்லாப் பொருளுக்கும் தாமதம் ஒரே அளவு கெடுதல் செய்வதில்லை. நன்கு உலர்ந்த விதை சில நாள் பொறுக்கும். உயிருள்ள பொருள் பொறுக்காது.

ட்ரைக்கோகிரம்மா அட்டையில், ஒட்டுண்ணி முட்டையிட்ட சுமார் 7 முதல் 8 நாளில் குளவிகள் வெளிவரத் தொடங்கும். கரும்பு இடைக்கணுப் புழுவுக்கு ஏக்கருக்கு ஒரு தடவைக்கு 1 சி.சி. வீதம், நான்காம் மாதத்திலிருந்து 15 நாளுக்கு ஒரு முறையாக 6 தடவை கட்டப் பரிந்துரைக்கப்படுகிறது. ஆறு தடவையும் வெளியூரிலிருந்து வர வேண்டும் என்றால் ஆறு தடவையும் இந்த அபாயம் உண்டு. அட்டையை அனுப்பும் முன், குளவி வெளிவரும் நாளைக் கேட்டுக் குறித்துக் கொள்ள வேண்டும். கைபேசி காட்டும் தேதிக்கு மேல் இரண்டு நாளைக் கூட்டிப் பார்த்து, அப்போதும் குளவி வெளிவர ஒரு நாளாவது மீதி இருந்தால் மட்டும் வரவழைக்கலாம். இல்லாவிட்டால் அருகிலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையம், வேளாண்மைத் துறை, சர்க்கரை ஆலை ஆகியவற்றில் அட்டை கிடைக்குமா என்று விசாரித்து, நேரில் போய் வாங்கி வருவது மேல்.

காளான் வித்து வெயிலில் நிற்கும் வண்டியில் நாள்கணக்கில் கிடந்தால் வீரியம் குறையும். வித்து கைக்கு வந்து, பூசணம் இல்லை என்று பார்த்த பிறகே வைக்கோலை ஊற வைக்க வேண்டும். கைபேசியை நம்பி முதல் நாளே வைக்கோலை வேக வைத்துவிட்டால் அது வீணாகும். அசோஸ்பைரில்லம் போன்ற உயிர் உரங்களுக்கும் வெப்பம் ஆகாது. பாக்கெட் வந்ததும் காலாவதி நாளைப் பார்த்து நிழலில் வைக்க வேண்டும்.

விதையைப் பொறுத்தவரை, பட்டத்துக்குப் பதினைந்து நாள் முன்பே கைக்கு வரும்படி வாங்கிவிட்டால் தாமதம் பாதிக்காது. முளைப்புத்திறன் பார்க்கவும் நேரம் கிடைக்கும். பயிர் வாடும்போது மோட்டார் பழுதானால், விலை சற்றுக் கூடினாலும் பக்கத்து டவுனில் பாகம் வாங்குவதே இலாபம்.

வரவழைக்கும்போது செய்ய வேண்டியவை

1. உயிருள்ள பொருளைத் திங்கள் அல்லது செவ்வாய் அன்று அனுப்பச் சொல்ல வேண்டும். வாரக் கடைசியில் அனுப்பினால் ஞாயிறன்று கிடங்கில் கிடக்கும். பண்டிகை வாரத்தைத் தவிர்க்கலாம்.

2. முகவரியில் கிராமம், அஞ்சல், தாலுகா, மாவட்டம், பின்கோடு, அடையாளம் ஆகியவற்றுடன் இரண்டு போன் எண்களைக் கொடுக்க வேண்டும். அவற்றில் ஒன்று வயலிலும் சிக்னல் கிடைக்கும் எண்ணாக இருக்கட்டும்.

3. தாலுகா ஊரில் உள்ள கிளையின் போன் எண்ணை முன்பே வாங்கி வைத்துக் கொள்ள வேண்டும். பார்சல் அங்கே வந்ததாகப் பதிவானதும் போன் செய்து, "நேரில் வந்து வாங்கிக் கொள்கிறேன், வைத்திருங்கள்" என்று சொல்லலாம். பெரும்பாலான தாமதம் இதனால் தீரும்.

4. பொருள் கையில் வந்த பிறகே ஓ.டி.பி. எண்ணைச் சொல்ல வேண்டும். நாளை கொண்டு வருகிறேன் என்று போனில் கேட்டால் சொல்லக் கூடாது.

5. பிரிக்கும்போது படம் எடுத்துக் கொள்ள வேண்டும். சீட்டு ஒட்டிய உறையை எறிந்துவிடக் கூடாது.

6. கைபேசிப் பதிவையும் நாள்தோறும் படமாக எடுத்து வைப்பது நல்லது. புகார் செய்யும்போது அதுவே சாட்சி.

போலிச் செய்தி

பார்சலை எதிர்பார்த்துக் காத்திருப்பவரை ஏமாற்றும் கும்பலும் உண்டு. "முகவரி சரியில்லை, பார்சல் திரும்பிவிடும், இந்த இணைப்பைத் தட்டிச் சிறு தொகை கட்டுங்கள்" என்று அஞ்சல் துறையின் பெயரில் குறுஞ்செய்தி வரும். இவை போலி என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் எச்சரித்திருக்கிறது. இணைப்பைத் தட்டக் கூடாது. ரசீதில் உள்ள எண்ணை நாமே தட்டிப் பார்க்க வேண்டும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும்.

தாமதமாகிப் பொருள் கெட்டால்

விற்பவரும் கூரியரும் ஒருவர் மேல் ஒருவர் பழி போடுவது வழக்கம். பணம் வாங்கியவர் விற்பவர் என்பதால் முதலில் அவரிடமே எழுத்து மூலம் புகார் செய்ய வேண்டும். 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, சொன்ன நாளுக்குப் பிந்தி வந்த பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ இணையச் சந்தையில் விற்பவர் மறுக்கக் கூடாது. இயற்கைச் சீற்றம் போன்ற தடுக்க முடியாத காரணத்தால் தாமதமானால் இது பொருந்தாது. புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக் கொள்ளவும், ஒரு மாதத்துக்குள் தீர்வு காணவும் வேண்டும்.

பதில் இல்லையெனில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யலாம். அதற்கும் பயன் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை 2 ஆண்டுக்குள் அணுகலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுக் கட்டணம் இல்லை. வியாபாரத்துக்கு வாங்கியது, ஆகவே நீங்கள் நுகர்வோர் அல்ல என்று சிலர் வாதிடுவார்கள். சாகுபடிக்கு விதை வாங்கும் விவசாயி நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் தேசிய விதைக் கழகம் தொடர்பான வழக்கில் தெளிவாகக் கூறியிருக்கிறது.

புகாரில் வென்றாலும் போன பட்டம் திரும்பி வராது. ஆகவே கைபேசிப் பதிவை விசாரிப்பதற்கு ஒரு துணையாக மட்டும் வைத்துக் கொண்டு, பொருள் கைக்கு வந்த பிறகே ஆளுக்குச் சொல்லி வேலையைத் தொடங்குவது விவசாயிகளுக்கு நன்மை தரும்.