தானே திறக்கும் பக்கங்கள்

பொங்கலுக்கு ஊர் செல்லவேண்டும். தில்லி கரோல் பாகில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தினர் கணிப்பொறியின் முன் அமர்ந்து, தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இடம் உண்டா என்று பார்த்துக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவரும் கேளாமலே ஒரு புதிய பக்கம் திறக்கிறது. அது ஏதோ சூதாட்ட விளம்பரம். அதை மூடினால் மற்றொன்று வருகிறது. மூன்றாவது பக்கம், "உங்கள் கணிப்பொறியில் வைரஸ் புகுந்துவிட்டது, உடனே இந்த எண்ணுக்குப் பேசுங்கள்" என்று சிவந்த எழுத்தில் மிரட்டுகிறது. வீட்டில் கலக்கம் உண்டாகிறது. நேயர்களே, அந்தக் கலக்கந்தான் அப்பக்கத்தை அனுப்பியவர்களின் மூலதனம்.

கணிப்பொறிக்குப் பேய் பிடிப்பதில்லை. டேப் எனப்படும் இத்தகைய பக்கங்கள் பெரும்பாலும் நாம் என்றோ அறியாமற் கொடுத்துவிட்ட அனுமதியின் பேரில் திறப்பவை. கொடுத்த அனுமதியைக் கண்டுபிடித்துத் திரும்பப் பெற்றுக்கொள்வதே பரிகாரம்.

இத்தொல்லையின் பிறப்பு வரலாறு சுவையானது. 1990ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில், அமெரிக்காவில் டிரைபாட் என்ற இணைய நிறுவனத்தில் பணியாற்றிய ஈத்தன் ஸக்கர்மன் என்பவர், விளம்பரத்தைத் தனிச் சாளரமாகத் திறக்கும் நிரலை எழுதினார். ஒரு மோட்டார் நிறுவனத்தின் விளம்பரம் தகாத பக்கம் ஒன்றில் இடம்பெற்றுவிட்டது. அந்த மனக்குறையைத் தீர்க்கவே இந்த ஏற்பாடு. 2014இல் அவரே இதற்காக வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். 2004ஆம் ஆண்டளவில் உலாவிகள், அதாவது பிரௌசர்கள், இவற்றைத் தடுக்கும் வசதியைப் பரவலாகப் பெற்றன. பயனர் எதையேனும் தொட்டாலன்றிப் புதிய பக்கம் திறக்கலாகாது என்பது இன்றைய பொது விதி. ஆகவே விளம்பரக்காரர்கள் நம் விரலையே கருவியாக்கிக்கொண்டார்கள்.

குற்றவாளியை அறியச் சில எளிய சோதனைகள் உண்டு.

முதலாவது, ஒரே ஒரு தளத்தில் மட்டும் தொல்லை நேர்கிறதா? புதிய தமிழ்ப் படங்களை இலவசமாகக் காட்டுவதாகக் கூறும் தளங்களில், படத்தை ஓட்டும் பொத்தானின் மீது கண்ணுக்குத் தெரியாத ஒரு திரை விரிக்கப்பட்டிருக்கும். நாம் பொத்தானை அழுத்துவதாக எண்ணி விளம்பரத்தை அழுத்துகிறோம். இங்கே கணிப்பொறியில் பழுதில்லை. அத்தளத்தை விட்டு விலகுவதே வழி.

இரண்டாவது, திரையின் மூலையில் சிறு அறிவிப்புகள் தோன்றி, தொட்டவுடன் பக்கம் திறக்கிறதா? "நீங்கள் இயந்திரமல்லர் என்று மெய்ப்பிக்க அனுமதி என்பதை அழுத்துங்கள்" என ஏதோ ஒரு தளம் கேட்டிருக்கும்; நாமும் அழுத்தியிருப்போம். உலாவியின் செட்டிங்ஸ் பகுதியில் நோட்டிஃபிகேஷன் என்ற இடத்தில் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். அறியாத பெயர்களையெல்லாம் நீக்கிவிடலாம்.

மூன்றாவது, எல்லாத் தளங்களிலும் தொல்லை தொடர்கிறதா? குரோம் உலாவியில் இன்காக்னிட்டோ என்னும் தனிச் சாளரத்தைத் திறந்து பாருங்கள். நாம் தனியே அனுமதித்தாலன்றி, எக்ஸ்டென்ஷன் எனப்படும் துணைநிரல்கள் அங்கே இயங்குவதில்லை. அங்கே அமைதி நிலவினால் சந்தேகம் துணைநிரலின் மேல் விழுகிறது. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றாக இயக்கிப் பார்த்தால் குற்றவாளி அகப்படும். நெடுநாள் நம்பியதாயிற்றே என்று எதையும் விட்டுவிடலாகாது. 'தி கிரேட் சஸ்பெண்டர்' என்ற துணைநிரலை 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பயன்படுத்தினர். 2020இல் அது வேறொருவர் கைக்கு மாறியது. தீய நிரல் கொண்டதென்று 2021 பிப்ரவரியில் கூகிள் அதை நீக்கியது. பணியாள் பழையவர்தாம், எஜமானர் மாறிவிட்டார்.

நான்காவது, உலாவியை மூடிய பின்னரும் அது தானே திறந்துகொள்கிறதா? அவ்வாறாயின், கணிப்பொறியில் நிறுவப்பட்ட ஏதோ ஒரு செயலியே காரணமாகலாம். தொல்லை தொடங்கிய நாளையொட்டி நிறுவியவற்றை நீக்கி, விண்டோஸிலேயே உள்ள டிஃபெண்டர் கொண்டு முழுச் சோதனை செய்யவேண்டும். ஆண்ட்ராய்டு கைபேசியில் சேஃப் மோடில், நாம் நிறுவிய செயலிகள் உறங்கிக்கிடக்கும். அப்போது தொல்லை ஓய்ந்தால் காரணம் அவற்றுள் ஒன்றே.

இவ்வளவுக்கும் பிறகு தொல்லை எஞ்சினால், குரோமில் ரீசெட் செய்யலாம். சேமித்த கடவுச்சொற்களும் புக்மார்க்குகளும் அழியா.

இனி, அந்தச் சிவப்பெழுத்து மிரட்டலைப் பற்றி ஒரு வார்த்தை. எந்த இணையப் பக்கமும் உங்கள் கணிப்பொறிக்குள் வைரஸ் உண்டா என்று ஆராய்ந்து சொல்ல இயலாது. எனவே அந்த எண்ணுக்குப் பேசவேண்டாம். பக்கம் மூட மறுத்தால், விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளை ஒருங்கே அழுத்தி, டாஸ்க் மேனேஜர் வழியாக உலாவியை நிறுத்திவிடலாம். மீண்டும் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால், வேண்டாம் என்று விடுங்கள்.

ஒருவேளை பேசிவிட்டால், மறுமுனையிலிருப்பவர் சொல்லும் செயலியை நிறுவாதீர்கள். அது உங்கள் கணிப்பொறியையே அவர் கையில் ஒப்படைப்பதாகும். பணம் போய்விட்டால், நாணத்தால் மறைத்து நாளைக் கடத்தவேண்டாம். நாட்டின் எப்பகுதியிலிருந்தும் 1930 என்ற எண்ணில் முறையிடலாம். விரைந்து தெரிவித்தால், பணம் கைமாறிப் போகுமுன் தடுத்துவைக்க வாய்ப்புண்டு.

அயல் மாநிலத்தில் வாழும் நமக்கு ஊரிலுள்ள பெற்றோரின் முகத்தைக் காட்டுவதும், அவர்கள் செலவுக்குப் பணம் சேர்ப்பிப்பதும் இந்தச் சிறு திரைதான். வீட்டு வாசலில் வந்து நிற்பவரை யாரென்று கேட்டறிந்த பின்னரே உள்ளே விடுகிறோம். "அனுமதி" என்ற பொத்தானை அழுத்துமுன்னும் அதே கேள்வியைக் கேட்டுப் பழகுவோமாக.