ஐந்து தந்தி பேஸ் கிட்டாரில் விரல் ஏன் இடறுகிறது?

குன்னூர்ச் சரிவுகளில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஓடும் தடத்தைப் பார்த்திருப்பீர்கள். அது குறுகினால், கொழுந்து பறிப்பவரை இருபுறமும் செடி உரசும். பேஸ் கிட்டாரில் விரலுக்கும் அதே கதைதான்.

நான்கு தந்தி பேஸின் பிரிட்ஜில் (உடல் பகுதியில் தந்திகளைத் தாங்கும் பாகம்), ஒரு தந்தியின் நடுவிலிருந்து அடுத்ததன் நடு வரை வழக்கமாக 19 மி.மீ. இருக்கும். ஐந்தாவது தந்தி சேர்ந்தால் கழுத்து அகன்றுவிடும். அதைத் தவிர்க்கப் பல தயாரிப்பாளர்கள் இடைவெளியை 16.5 முதல் 18 வரை சுருக்குகிறார்கள்.

இரண்டு மி.மீ. என்ன பெரிய விஷயம்?

புதிதாக வரும் ‘பி’ தந்தியைக் கவனியுங்கள். தடிமன் மட்டுமே 3 மி.மீ.-க்கு மேல். நொடிக்குச் சுமார் 31 முறைதான் அதிரும். பலமாக மீட்டினால் அது அகலமாக ஆடுவது கண்ணுக்கே தெரியும். மிச்சமிருக்கும் சந்தில்தான் விரல் நுழைய வேண்டும். கட்டைவிரலால் அடித்து, ஆள்காட்டி விரலால் தந்தியைக் கொக்கிபோட்டு இழுக்கும் ‘ஸ்லாப்’ வாசிப்பில் இது இன்னும் சிரமம்.

அகலத்துக்கும் விலை உண்டு: இடது கை அதிகம் எட்ட வேண்டும். சின்னக் கைக்காரர்களுக்குக் குறுகலே சுகம்.

பேஸ் வாங்கப் போகிறீர்களா? விரல்பலகை ரோஸ்வுட்டா என்று பார்ப்பீர்கள். கூடலூர்ப் பக்கம் வளரும் ஈட்டி மரமும் அதற்குப் பயன்படும் இனம்தான். ஆனால் மரத்தில் மயங்குமுன் ஸ்கேலை எடுங்கள். பிரிட்ஜில் முதல் தந்தியின் நடுவிலிருந்து ஐந்தாவதன் நடு வரை 76 மி.மீ. என்றால் அகலம், 66 என்றால் நெருக்கம்.