கல்லுக்காலும் டிராக்டர் குழியும்

ஒரு ஏக்கர் நிலம் சரியான சதுரமாக இருந்தால் பக்கத்துக்கு 209 அடி. சுற்றிவர 835 அடி. பத்தடிக்கு ஒரு கால் வைத்தால் 84 கால், 84 குழி. கடப்பாரை பிடிக்க நாலு ஆள் கிடைத்த காலத்தில் இது பெரிய வேலையே இல்லை. இப்போது ஆம்பூர் பக்கம் எந்த ஊர் முனையிலும் காலையில் நின்று பாருங்கள். ஷூ கம்பெனி பஸ்ஸும் வேனும் வந்து ஆளை ஏற்றிக்கொண்டு போய்விடும். நிழலில், மாசச் சம்பளத்துக்கு வேலை இருக்கும்போது வெயிலில் குழி தோண்ட எவன் வருவான்? எனக்குப் பிழைப்பு ஓடுவதே அதனால்தான். டிராக்டருக்குப் பின்னால் குழி போடும் மிஷினை மாட்டிக்கொண்டு பேரணாம்பட்டு, குடியாத்தம், மாதனூர் என்று வேலி வேலைக்குப் போகிறவன் நான்.

மாதனூர்ப் பக்கம் தென்னந்தோப்பு வாங்கிய ஒரு பாய், போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். நியூசிலாந்துப் பண்ணை. டிராக்டருக்குப் பின்னால் உயரமாக ஒரு சட்டம், அதில் கனத்த இரும்புக் கட்டை. கட்டை மேலே போய் மேலே போய்க் கம்பத்தின் தலையில் விழுகிறது. நாலைந்து அடி விழுந்ததும் கம்பம் பூமிக்குள் போய்விட்டது. குழியும் இல்லை, மண் தள்ளுகிற வேலையும் இல்லை.

"தம்பி, இந்த மாதிரி அடிச்சு இறக்கிடலாமே? உனக்கும் வேலை சீக்கிரம் முடியும்."

"பாய், அது மரக்கம்பம். நீங்க இறக்கி வெச்சிருக்கிறது கருங்கல்லு. ரெண்டு அடி அடிச்சா ஜல்லிதான் மிஞ்சும்."

சிரித்துவிட்டார். ஆனால் அவர் கேட்டதில் விஷயம் இருக்கிறது. அடித்து இறக்கும் கம்பம் மண்ணை வெளியே எடுப்பதில்லை, பக்கவாட்டில் நெருக்குகிறது. நெருங்கிய மண் கம்பத்தைப் பிடித்துக்கொள்ளும். மரத்துக்கும் இரும்புக்கும் இது சரிப்படும். கருங்கல் எவ்வளவு பாரத்தையும் தாங்கும், அதிர்ச்சியைத் தாங்காது. அதனால் நம் ஊரில் டிராக்டர் கம்பத்தை அடிப்பதில்லை, குழி மட்டும் போடுகிறது. குழிக்குள் கால் இறங்கிய பிறகு மண்ணை நெருக்குகிற வேலை மனுஷன் கைக்கு வந்துவிடுகிறது. அதை ஒழுங்காகச் செய்யாத வேலிதான் அடுத்த மழைக்குப் பல் ஆடுகிறது.

கல்தான் வேண்டுமா, சிமெண்ட் கால் போடலாமா, இரும்பு ஆங்கிள் நடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இந்தப் பக்கத்தில் என் ஓட்டு கல்லுக்குத்தான். பாலாற்றங்கரை நிலங்களின் கதை எல்லாருக்கும் தெரிந்தது. தோல் பதனிடும் இடங்களுக்கு வரும் பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டு வைப்பார்கள். அதைத் தொட்டியில் ஊறவைத்த தண்ணீர் வருஷக்கணக்காக ஆற்றிலும் வயலிலும் பாய்ந்தது. வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று, மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. 2025 ஜனவரியிலும் இதே பாலாற்றுக்காக இன்னொரு தீர்ப்பு வந்தது. தீர்ப்பு வந்தாலும் மண்ணில் இறங்கிய உப்பு சீக்கிரம் வெளியேறுவதில்லை. அந்த உப்பு இரும்பைத் தின்னும். ஆங்கிள் கம்பம் மேலே பளபளவென்று நிற்கும். மண்ணும் காற்றும் சந்திக்கிற அந்த நாலு விரற்கடை இடத்தில் அரித்துக்கொண்டிருக்கும். சிமெண்ட் காலிலும் உள்ளே இருப்பது கம்பிதானே? விரிசல் வழியாக உப்புத் தண்ணீர் போனால் கம்பி துருப்பிடித்து ஊதும், சிமெண்ட் பொரிந்து விழும். கல்லுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

கல்லில் உள்ள ஒரே கஷ்டம் கனம். ஏழடி நீளம், அரையடி அகலம், ஐந்து அங்குல கனம் உள்ள ஒரு கால் நூறு கிலோவுக்கு மேல் வரும். வாங்கும்போது சம்மட்டியால் லேசாகத் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்ல கல். பொத்தென்றால் உள்ளே கீறல் இருக்கிறது, ஒதுக்கிவிடுங்கள்.

இனி மிஷினுக்கு வருவோம். டிராக்டரின் பின்புறம் பி.டி.ஓ. என்று ஒரு தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். இஞ்சின் சக்தியை வெளியே எடுத்துக் கொடுப்பது அதுதான். அதிலிருந்து ஒரு நீண்ட ஷாப்ட் கியர் பெட்டிக்குப் போகிறது. கியர் பெட்டி வேகத்தைக் குறைத்து, விசையைக் கூட்டி, செங்குத்தாகத் தொங்கும் திருகைச் சுற்றுகிறது. எங்களுக்கு அது ஆகர். 6, 9, 12 அங்குலம் என்று அளவுகள் உண்டு. கல்லுக்காலுக்கு ஒன்பது போதும். மரக்கன்றுக்குப் போடுகிற பன்னிரண்டு அங்குல ஆகரையே வேலிக்கும் மாட்டி வேலையை முடிப்பவர்கள் இருக்கிறார்கள். குழி எவ்வளவு அகலமோ, அவ்வளவு மண்ணைத் திரும்ப இடிக்க வேண்டும் என்பதை அவர்கள் சொல்லமாட்டார்கள். கையால் தோண்டினால் ஆள் குனிந்து வேலை செய்ய ஒன்றரை அடி அகலமாவது வேண்டும். இரண்டடி ஆழத்துக்கு மூன்றரை கன அடி மண் வரும். ஒன்பது அங்குல ஆகரில் ஒரு கன அடிகூட வராது. மிஷினால் வேகம் கிடைப்பது எல்லாருக்கும் தெரியும். காலைச் சுற்றியுள்ள பழைய மண் கலையாமல் இருப்பது அதைவிடப் பெரிய லாபம்.

எங்கள் பக்கத்துப் பூமி ஒரே மாதிரி இருக்காது. மேலே ஓரடி செம்மண், அடுத்து சரளை, அதற்குக் கீழே சுக்கான், பிறகு சக்கைப்பாறை. மலையோர நிலங்களில் இதெல்லாம் முழங்கால் ஆழத்திலேயே வந்துவிடும். செம்மண்ணில் ஆகர் இறங்கும்போது சத்தமே இருக்காது. சுக்கானில் பல் பட்டதும் கிறீச்சென்று ஒரு சத்தம், கூடவே வெள்ளைப் பொடி மேலே வரும். அங்கே ஆக்சிலேட்டரை மிதிக்கக் கூடாது. வேகத்தைக் குறைத்து, கொஞ்சம் இறக்கி, தூக்கி மண்ணை உதறி, மறுபடி இறக்க வேண்டும். தூக்காமல் ஒரே மூச்சில் விட்டால் ஆகர் திருகாணி மாதிரி பூமிக்குள் தன்னைத்தானே முறுக்கிக்கொண்டு மாட்டிக்கொள்ளும். ஹைட்ராலிக்கால் அதைப் பிடுங்கப் பார்த்தால் டிராக்டரின் முன் சக்கரம்தான் எழும்பும். இஞ்சினை நிறுத்திவிட்டுப் பைப் ரெஞ்சு போட்டுக் கையால் பின்னோக்கித் திருப்பி எடுக்க வேண்டும். சில புது மாடல்களில் பி.டி.ஓ. பின்னோக்கியும் சுற்றும், பல வண்டிகளில் அந்த வசதி இல்லை. ஷாப்டில் ஷியர் போல்ட் என்று ஒன்று உண்டு. பாறையில் முட்டினால் அது உடைந்து கியர் பெட்டியைக் காப்பாற்றும். அது அடிக்கடி உடைகிறதே என்று கெட்டியான போல்ட்டைப் போடுகிறவனைவிட முட்டாள் கிடையாது.

மழை பெய்து இரண்டு மூன்று நாள் கழித்து வேலை வைப்பது நல்லது. சித்திரையில் ஆகர் பல்தான் தேயும். மழை விட்ட அன்றே களிமண்ணில் இறக்கினால் குழியின் சுவர் பூசி மெழுகினதுபோல வழவழப்பாகிவிடும். போடுகிற மண் அதோடு ஒட்டாது. அப்படி ஆனால் கடப்பாரையால் சுவரை நாலு பக்கமும் கீறிவிட வேண்டும்.

காலை இறக்கி, நூல் பிடித்துத் தூக்குக்குண்டு பார்த்த பிறகு மண் தள்ளும் வேலை. மொத்த மண்ணையும் தள்ளிவிட்டு மேலே நாலு மிதி மிதிப்பது ஊர் வழக்கம். பிரயோஜனமே இல்லை. அரையடி மண், கொஞ்சம் சரளை, கடப்பாரையின் மொட்டை முனையால் சுற்றிச் சுற்றி இடி, பிறகு அடுத்த அரையடி. முதல் அரையடியை இடிக்கும்போதுதான் கை வலிக்க வேண்டும். அடி இறுகாவிட்டால் மேலே எவ்வளவு இடித்தாலும் கால் ஆடும். டிராக்டர் ஒரு குழியைச் சில நிமிஷத்தில் முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போய்விடும். பின்னால் இடிக்கிற ஆள் அந்த வேகத்துக்கு ஓடப் பார்ப்பான். ஓடவிடாதீர்கள்.

காசு செலவழிக்க வேண்டிய இடம் மூலைக்கால். நடுவில் நிற்கும் காலுக்கு இரண்டு பக்கமும் கம்பி சமமாக இழுக்கிறது; அதன் வேலை கம்பியைத் தூக்கிப் பிடிப்பது மட்டும். மூலையில் இரண்டு திசை இழுப்பும் உள்பக்கமாகச் சேருகிறது. ஐந்து வரிசை முள்கம்பியை முறுக்கிக் கட்டினால் முழுப் பாரமும் அதன் தலையில்தான். எனவே மூலைக்கால் மூன்றடி ஆழம், அடியில் கான்கிரீட், இரண்டு வரிசைப் பக்கமும் சாய்வாக முட்டுக்கல். நேர் வரிசையிலும் பத்துப் பதினைந்து காலுக்கு ஒன்றை இப்படி இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து நிறுத்த வேண்டும். கான்கிரீட் இறுகுவதற்குள் கம்பி இழுக்கக் கூடாது, ஒரு வாரமாவது விடுங்கள். வேலி சாய்ந்துவிட்டது என்று கூப்பிட்டால் நான் முதலில் போய்ப் பார்ப்பது மூலையைத்தான்.

குழிக்கு முன்னால் சர்வே. புலப்படத்தை எடுத்து, எல்லைக்கல்லைக் கண்டுபிடித்து, பக்கத்து நிலத்துக்காரரையும் கூப்பிட்டு வைத்து அளந்துவிடுங்கள். எல்லைக்கல்லைப் பிடுங்குவது குற்றம் என்பது பலருக்குத் தெரியாது. நூறு கிலோ கல்லைத் திரும்பப் பிடுங்கி ஓரடி தள்ளி நடுவது எவ்வளவு செலவு என்பது அதைவிடக் குறைவான பேருக்குத்தான் தெரியும்.

பேரணாம்பட்டு, குடியாத்தம் மலையடிவாரத்தில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். அந்தப் பக்கம் ஆந்திராவின் கௌண்டின்யா சரணாலயம். 1980களில் ஓசூர்ப் பக்கமிருந்து வந்த யானைகள் அங்கே தங்கிவிட்டன. யானைக்குக் கல்லுக்கால் ஒரு பொருட்டே இல்லை, பன்றிக்கு முள்கம்பியும் அப்படித்தான். பன்றிக்குச் சங்கிலி வலை போட்டு, அடிப்பக்கத்தைப் பூமியில் புதைக்க வேண்டும். பயிர் அழிகிற ஆத்திரத்தில் சிலர் கம்பியில் வீட்டுக் கரண்டைக் கொடுத்துவிடுகிறார்கள். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் அப்படி ஒரு வேலியில் மூன்று யானைகள் செத்தன. சூரிய மின்வேலி வேறு சமாச்சாரம். அது விட்டுவிட்டு உதைக்கும், கொல்லாது. காட்டோரத்தில் அதைப் போடவும் வனத்துறை அனுமதி வாங்க வேண்டும்.

கடைசியாக, குழி போட வருகிற வண்டியைப் பற்றி. பி.டி.ஓ. நிமிஷத்துக்கு 540 சுற்று, நொடிக்கு ஒன்பது. லுங்கி நுனியோ துண்டோ அதில் சிக்கினால் கத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். பாறையில் ஆகர் இறங்கவில்லை என்று மேல்சட்டத்தில் ஆளைத் தொங்கவிடுகிற பழக்கமும் இங்கே உண்டு. டிராக்டரின் ஹைட்ராலிக் தூக்குமே தவிர அமுக்காது, அதற்காகத்தான் அந்த வித்தை. ஆள் சறுக்கினால் விழுவது சுற்றுகிற ஷாப்ட் மேல். ஷாப்ட் மேல் பிளாஸ்டிக் உறை இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் வண்டியைத் திருப்பி அனுப்புங்கள். வந்தது என் வண்டியாக இருந்தாலும் சரி.